எடைக்குறைப்பு அறுவையைக் குடும்ப மருத்துவர் தடுத்தால்...

கேள்வி: என் வயது 43, உயரம் 158 செ.மீ., எடை 102 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. அண்மையில் இன்சுலினும் தொடங்கியிருக்கிறார்கள். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி எதுவும் நிலைக்கவில்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டால், இருபது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தைப் பார்த்துவரும் டாக்டர், "வாயைக் கட்டினால் போதும்; வயிற்றை வெட்ட வேண்டாம்" என்கிறார். அவர் பேச்சை மீற மனம் வரவில்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் டாக்டரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை, அந்த ஒரு வரியைத்தான் ஏற்க இயலவில்லை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண்) ஏறத்தாழ 41. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் கூட்டிய வல்லுநர் குழுவின் கண்டிப்பான வரம்பின்படி பார்த்தாலும், நீங்கள் இந்த அறுவைக்குப் பரிசீலிக்கப்பட வேண்டியவர். 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகள் அந்த வரம்பை மேலும் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5க்கு மேல் என்றே வகுத்துவிட்டன.

குடும்ப மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? அவர்களில் மூத்தவர்கள் படித்த காலத்தில் இது வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்த பெரிய அறுவை. இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் முடிகிறது. மேலும், அறுவைக்குப் பின் நன்றாக இருப்பவர் டாக்டரைத் தேடி வருவதில்லை. வாந்தியும் ரத்தசோகையுமாகத் தவிப்பவரே வருகிறார். 2024இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இறந்த செய்தியும் பல டாக்டர்களின் மனத்தில் இருக்கும். ஆகவே அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஆனால் 1987இல் சுவீடனில் தொடங்கி, அறுவை செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், செய்துகொண்டவர்களிடையே இறப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உடல் பருமனை வெறும் மன உறுதிக் குறைவாகப் பார்ப்பது இன்னொரு காரணம். எனக்கு வருத்தம் தருவதும் இதுதான். எடை குறையக் குறையப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவிடும் ஆற்றலோ சுருங்குகிறது. வாயைக் கட்டியவர் தம் உடலோடேயே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. எடைக்குறைப்பு அறுவையில் ஒரு வகையான 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு அகற்றப்படும்போது, கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் பகுதியும் உடன் போய்விடுகிறது.

எனவே டாக்டரிடம் "செய்துகொள்ளலாமா?" என்று கேட்காதீர்கள், "பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு அறுவை) குழு ஒன்றிடம் கருத்துக் கேட்க ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், முடிவை உங்களோடு பேசியே எடுக்கிறேன்" என்று கேளுங்கள். நீங்கள் முயன்ற உணவுமுறைகளையும் மருந்துகளையும் அவர் அதில் குறிப்பிடுவது நல்லது. ஏனெனில் மருத்துவக் காப்பீட்டு விதிகளும் டாக்டரின் பரிந்துரையையும், மற்ற வழிகள் பலனளிக்கவில்லை என்பதற்கான சான்றையும் எதிர்பார்க்கின்றன. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்: நோய் பழையதாகி, இன்சுலின் தேவை கூடக் கூட, அறுவைக்குப் பின் சர்க்கரை முழுமையாகக் கட்டுக்குள் வரும் வாய்ப்பு குறைகிறது.

அறுவைக்குப் பின்னும் அவர்தான் உங்களுக்குத் தேவை. சில நாள்களிலேயே இன்சுலின் அளவைக் குறைக்க நேரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் கண்காணிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தம்மிடமே ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால், அவருடைய எதிர்ப்பு தணியக்கூடும்.

கேள்வி: புதிய எடைக்குறைப்பு ஊசிகள் வந்தபின் அறுவையே தேவையில்லை என்கிறாரே எங்கள் டாக்டர்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: சிலருக்கு அது சரி. அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடால் ஆய்வில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது. பி.எம்.ஐ. மிக அதிகமாக உள்ளவருக்கு அந்தக் குறைவு போதுமா, மாதாமாதம் ஆகும் செலவைத் தொடர்ந்து தாங்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.