ஆந்தை எந்தப் பக்கம் பார்க்குது? பழைய பாக்கெட் ரிவால்வர் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். கேட்டிருந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து வச்சு ஒரே மூச்சுல பதில் எழுதறேன், நடுவுல கொஞ்சம் வளவளன்னு போனா பொறுத்துக்கோங்க. நான் பேசப்போறது .22, .32, .38 மாதிரி சின்ன கேலிபர் (குழல் துளையோட அளவு, அங்குலத்துல) டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் மட்டும், சுமாரா 1880லேர்ந்து 1940 வரைக்கும் செஞ்சது, அதுலயும் அமெரிக்க சரக்கு தான் எனக்கு நல்லா பழக்கம், நான் இருக்கறதும் மாசசூசெட்ஸ், இதுல பாதிக்கு மேல பொறந்த ஊரு இங்க பக்கத்துல தான். கவ்பாய் இடுப்புல தொங்கற பெரிய ரிவால்வர் எல்லாம் என் ஏரியா இல்ல. ரிப்பேர் பண்ணி ஓட வைக்கறது எப்படின்னு கேட்டவங்களுக்கு இங்க பதில் கிடையாது, இதெல்லாம் அலமாரியில வச்சு பார்க்கற சாமான்.

கேள்வி: அண்ணா, அடிப்படையே தெரியாது, டபுள் ஆக்‌ஷன்னா ஒரு தடவை அமுத்தினா ரெண்டு குண்டு போகுமா?

இல்லப்பா. சிங்கிள் ஆக்‌ஷன்ல ஹாமரை (பின்னாடி இருந்து விழுந்து அடிக்கற சுத்தி) கட்டை விரலால பின்னாடி இழுத்து வச்சா தான் டிரிகர் வேலை செய்யும். டபுள் ஆக்‌ஷன்ல டிரிகரை இழுத்தாலே ஹாமர் தானா பின்னாடி போயி விழும், சிலிண்டரும் சுத்தும், ஒரே இழுப்புல ரெண்டு வேலை. அவ்ளோ தான்.

கேள்வி: ஒஹையோல எஸ்டேட் சேல்ல (இறந்தவங்க வீட்டு சாமான் விற்பனை) ஒரு நிக்கல் ரிவால்வர் பார்த்தேன் சார். பேரல்ல (குழல்ல) "32 எஸ் அண்ட் டபிள்யூ சிடிஜிஇ"ன்னு இருக்கு. விக்கறவர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்னு அடிச்சு சொல்றார், விலையும் அதுக்கேத்த மாதிரி. வாங்கலாமா?

வாங்காதீங்க, அந்த விலைக்கு வேண்டாம். இந்த ஒரு கேள்வியே நாலு பேர் கேட்டிருக்கீங்க, அதனால விலாவாரியா சொல்றேன். அந்த சிடிஜிஇ கார்ட்ரிட்ஜோட சுருக்கம், அதாவது இந்த துப்பாக்கி எந்தத் தோட்டாவை சாப்பிடும்னு எழுதியிருக்கு, யார் செஞ்சாங்கன்னு இல்ல. .32 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவை அந்த கம்பெனி 1878ல கொண்டு வந்துச்சு, அப்புறம் ஊர்ல இருக்கற எல்லா கம்பெனியும் அதுக்கு ரிவால்வர் செஞ்சுது. வூஸ்டர்ல எச் அண்ட் ஆர் (ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன்), அதே ஊர்ல ஃபோர்ஹேண்ட், ஃபிட்ச்பர்க்ல ஐவர் ஜான்சன், கனெக்டிகட் நார்விச்ல ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன், எல்லாருமே தான். ஸ்பெயின்ல ஐபார் ஊர்ல செஞ்ச நகல்ல இன்னும் கில்லாடித்தனம், "ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்"ங்கற எழுத்து மட்டும் கண்ணுல அடிக்கற மாதிரி, அதுக்கான தோட்டாவைப் போடுங்கன்னு சொல்ற மீதி வாசகம் பொடி எழுத்துல.

நிஜ ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்னா பேரல் மேல இருக்கற வரப்புல கம்பெனி பேரு, ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஊரு, பேட்டன்ட் தேதிங்க எல்லாம் வரிசையா இருக்கும், சீரியல் நம்பர் கைப்பிடியோட அடியில இருக்கும், கிரிப்ல (கைப்பிடியோட ரெண்டு பக்கமும் திருகி வச்ச பலகை) எஸ்-சும் டபிள்யூ-வும் பின்னின முத்திரை இருக்கும். கிரிப்பை மட்டும் நம்பாதீங்க, அது ரெண்டு நிமிஷத்துல மாத்தற சாமான்.

பேட்டன்ட் தேதி பத்தியும் இங்கயே சொல்லிடறேன். அது தயாரிச்ச தேதி கிடையாது. 1887, 1889, 1895ன்னு வரிசையா இருந்தா கடைசி தேதிக்கு அப்புறம் எப்போ வேணா செஞ்சிருக்கலாம், இருபது வருஷம் கழிச்சு கூட. கம்பெனி பேரு மாறினது தான் சில சமயம் இதைவிட நல்ல துப்பு. "ஃபோர்ஹேண்ட் அண்ட் வாட்ஸ்வொர்த்"ன்னு இருந்தா 1890க்கு முன்னாடி பக்கம், வெறும் "ஃபோர்ஹேண்ட் ஆர்ம்ஸ்"னா அதுக்கப்புறம், 1902ல அந்தக் கம்பெனியை ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் வாங்கிட்டாங்க.

கேள்வி: ஐவர் ஜான்சன் .32 ஒண்ணு மாட்டிருக்கு ப்ரோ, கிரிப்ல ஆந்தை தலை. இதுல மூணு மாடல் இருக்காமே, எப்படி கண்டுபிடிக்கறது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. முதல்ல தாழ்ப்பாளை திறந்து பேரலை கீழ மடக்கி சிலிண்டர்ல ஒண்ணும் இல்லைன்னு அஞ்சு துளையையும் கண்ணால பாருங்க, விக்கறவன் "காலி தான் சார்"னு சொன்னாலும் நீங்க பாருங்க.

இப்போ ஆந்தை. அது பேரல் பக்கம், அதாவது முன்னாடி பார்த்துட்டு இருந்தா கருமருந்து (புகை கக்கற பழைய வெடிமருந்து) காலத்து மாடல். பிடிச்சிருக்கற ஆளைப் பார்த்து, பின்னாடி திரும்பியிருந்தா புகையில்லாத மருந்துக்கு செஞ்ச மூணாவது மாடல், அது 1909ல வந்தது. ஆனா நான் மேலயே சொன்னேன், கிரிப் மாத்தற சாமான், அதனால ஆந்தையை முதல் துப்பா மட்டும் வச்சுக்கோங்க. மேல இருக்கற தாழ்ப்பாளைப் பாருங்க, ஃப்ரேம்ல ஒரே ஒரு முளை அதைத் தாங்கினா முதல் மாடல், ரெண்டு பக்கமும் முளை இருந்தா ரெண்டாவதோ மூணாவதோ. ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் கிரிப்புக்கு உள்ள இருக்கு. தட்டையா வளைஞ்ச பட்டை ஸ்பிரிங் இருந்தா ரெண்டு, சுருள் ஸ்பிரிங் இருந்தா மூணு. சீரியல் நம்பரும் அங்க தான், இடது கிரிப்புக்கு அடியில, முன்னாடி ஒரு எழுத்தோட இருக்கும். அந்த எழுத்தையும் சேர்த்து எழுதி வச்சுக்கோங்க, வருஷம் பார்க்கறப்போ அது தான் உதவும்.

கிரிப்பை எடுக்கறப்போ தான் நம்மாளுங்க உடைக்கறாங்க. அது நூறு வருஷம் பழைய கெட்டி ரப்பர், பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஓரத்துல கத்தியை விட்டு நெம்பவே கூடாது. திருகோட வெட்டுல சரியா உக்கார்ற ஸ்க்ரூடிரைவரா எடுத்து நாலு சுத்து மட்டும் தளர்த்துங்க, முழுசா கழட்டாதீங்க, அப்புறம் திருகோட தலையை மெதுவா ஒரு தட்டு தட்டினா எதிர்ப் பக்க கிரிப் தானா எழும்பி வரும். அதை எடுத்துட்டு, திருகையும் கழட்டிட்டு, உள்ளேர்ந்து விரலால தள்ளினா இந்தப் பக்கமும் வந்துடும். வெந்நீர்ல கழுவறேன் சோப்பு போடறேன்னு கிளம்பாதீங்க, அந்த ரப்பர்ல கந்தகம் இருக்கு, கருப்பு போயி பழுப்பாயிடும், திரும்ப வராது.

கேள்வி: கருமருந்தோ வேற மருந்தோ, அதனால என்ன? தோட்டா உள்ள போனா சரி தானே?

சரி இல்ல. கருமருந்தோட அழுத்தமும் புகையில்லா மருந்தோட அழுத்தமும் ஏறுற விதமே வேற, அந்தக் காலத்து இரும்பும் கீல் மூட்டும் கருமருந்துக்கு தான் கணக்கு பண்ணி செஞ்சது, அதுவும் நூறு வருஷம் தேய்ஞ்சு போச்சு. எச் அண்ட் ஆர்லயும் இதே பிரிவு உண்டு, பேரலோட இடது பக்கத்துல கேலிபர் எழுதியிருந்தா பிந்தின காலத்து, புகையில்லா மருந்து வகை. என்னைக் கேட்டா எந்த வகையா இருந்தாலும் சுடாதீங்க. இன்னொண்ணு, .38 எஸ் அண்ட் டபிள்யூவும் .38 ஸ்பெஷலும் வேற வேற, பேரு ஒரே மாதிரி இருக்கேன்னு திணிக்கற ஆளுங்க இருக்காங்க.

கேள்வி: நிக்கல் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு, 1890ஓட சரக்குன்னு சொல்றாங்க. ஒரிஜினலா?

டிரிகர் கார்டைப் (டிரிகரைச் சுத்தி இருக்கற வளையம்) பாருங்க. இந்த ஊர் கம்பெனிங்க நிக்கல் பூசின ரிவால்வர்லயும் பெரும்பாலும் டிரிகர் கார்டுக்கு நிக்கல் போட மாட்டாங்க, அதை நீலக் கருப்பா விட்டிருப்பாங்க, ஹாமரும் டிரிகரும் எண்ணெய் மிதக்கற தண்ணி மாதிரி பல நிறம் கலந்து இருக்கும். அதெல்லாமும் சேர்ந்து வெள்ளையா மின்னினா யாரோ பின்னாடி மறுபடி பூசியிருக்காங்க. எழுத்தோட ஓரம் மழுங்கி இருக்கும், பூச்சுக்கு அடியில துரு தின்ன குழி தெரியும், விரல் நகத்தால தடவினாலே புரிஞ்சுடும். மறுபூச்சு போட்டதை விட, அங்கங்க உரிஞ்சு போன ஒரிஜினலுக்கு தான் நான் காசு கொடுப்பேன்.

வீட்ல இருக்கற பித்தளை பாலிஷ் போட்டு தேய்க்கற வேலை வேண்டாம். அமோனியா இருக்கற எதுவும் நிக்கலுக்கு அடியில இருக்கற செம்புப் பூச்சை அரிச்சு மேல இருக்கறதை பொடிப்பொடியா உதிர்த்துடும். லேசா எண்ணெய் தொட்ட துணி போதும். தோல் உறையில போட்டு வருஷக் கணக்குல வைக்காதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும்.

கேள்வி: ஹாமரே இல்லாத ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பார்த்தேன், கைப்பிடி பின்னாடி ஒரு பட்டை அமுங்குது. இது என்ன?

அதிர்ஷ்டசாலி. அது சேஃப்டி ஹாமர்லெஸ், .38 வந்தது 1887, .32 வந்தது 1888. ஹாமர் இருக்கு, உள்ள மறைஞ்சிருக்கு. அந்தப் பட்டையை உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சா தான் டிரிகர் நகரும், அதனால இங்க எல்லாரும் எலுமிச்சை பிழியறதுன்னு செல்லப் பேரு வச்சிருக்காங்க. புதுசா சேர்க்க ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு எப்பவும் இது தான், வேலைப்பாடு அருமை, இன்னும் கைக்கு எட்டற விலை.

அதே கம்பெனியோட .32 டபுள் ஆக்‌ஷன் முதல் மாடல் 1880ல மொத்தமே 30 தான் செஞ்சாங்க, பக்கவாட்டு மூடி நேர்க்கோடா இருக்கும், அதனால ஃப்ரேம் பலவீனமாகுதுன்னு உடனே வளைவா மாத்திட்டாங்க. யாராவது அதை உங்களுக்கு மலிவா தர்றேன்னு சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. சந்தேகம்னா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷன்ல நம்பரைக் கொடுத்து லெட்டர் வாங்கலாம், எப்போ எங்க அனுப்பினதுன்னு வரும்.

கேள்வி: ஐவர் ஜான்சன் மலிவு சரக்குன்னு எல்லாரும் மட்டமா பேசறாங்களே?

மலிவு தான், ஆனா மட்டம் இல்ல. ஹாமரை சுத்தியலால அடிச்சாலும் வெடிக்காதுன்னு விளம்பரம் பண்ணாங்க, பொய்யும் இல்ல. தோட்டாவைக் குத்தற ஊசி ஃப்ரேம்ல தனியா இருக்கும், ஹாமர் அதைத் தொடாது, டிரிகரை முழுசா இழுத்தா மட்டும் நடுவுல ஒரு தகடு எழும்பி வந்து அடியைக் கடத்தும். இன்னிக்கு புது ரிவால்வர் பலதுல இதே யோசனை ஓடுது. சைக்கிளும் செஞ்சு வித்த கம்பெனி அது.

சரித்திரத்துல மோசமான இடமும் உண்டு. 1901 செப்டம்பர் 6ஆம் தேதி பஃபலோல ஜனாதிபதி மெக்கின்லியை சோல்காஷ் சுட்டது ஐவர் ஜான்சன் .32ல தான், கடையில நாலரை டாலருக்கு வாங்கினது, இப்போ பஃபலோ ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு. 1933ல மயாமியில ரூஸ்வெல்ட்டை குறி வச்சு சிகாகோ மேயர் செர்மாக் மேல பட்டுச்சே, அது யு.எஸ். ரிவால்வர் கம்பெனின்னு பேரு போட்ட .32, அந்தப் பேரே ஐவர் ஜான்சன் மலிவு விலைக்கு வச்சுக்கிட்டது. அதனால "மெக்கின்லி மாடல்"னு சொல்லி ரெண்டு மடங்கு கேக்கறவங்க இருக்காங்க, லட்சக்கணக்குல வித்த துப்பாக்கி அது, ஒரு பைசா கூட கூட்டிக் கொடுக்காதீங்க.

கேள்வி: டொராண்டோலேர்ந்து கேக்கறன் அண்ணை. 1898க்கு முந்தினது எண்டால் லைசன்ஸ் தேவையில்லையோ?

அது அமெரிக்க ஃபெடரல் கணக்கு தம்பி, 1898லயோ அதுக்கு முன்னாடியோ செஞ்சா ஆன்டிக், அங்கயும் மாநில சட்டம் தனி. கனடாவுல கைத்துப்பாக்கிக்கு வருஷம் மட்டும் போதாது, கேலிபரும் பார்ப்பாங்க. .32 எஸ் அண்ட் டபிள்யூ, .38 எஸ் அண்ட் டபிள்யூ ரெண்டுமே விலக்கு கிடைக்காத பட்டியல்ல இருக்கு, அதனால நாம பேசற சரக்கு முக்காவாசி அங்க ஆன்டிக் இல்ல. லண்டன்லேர்ந்து கேட்டவருக்கும் சேர்த்து சொல்றேன், 2021ல அங்க சட்டத்தை மாத்தினப்போ ஆன்டிக் தோட்டா பட்டியல்லேர்ந்து .320யை எடுத்துட்டாங்க, பழைய தகவலை நம்பி வாங்காதீங்க.

கேள்வி: சார், மதுரைல எங்க தாத்தாவோட டிரங்கு பெட்டியில துருப்பிடிச்ச .32 ஒண்ணு. பழசு தானே, ஷோகேஸ்ல வைக்கலாமா?

ஒரு நாள் கூட வச்சுக்காதீங்க. 1959 ஆயுதச் சட்டத்துல பழம்பொருளுக்கு விலக்கு இருக்கறது உண்மை தான், ஆனா ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாதுங்கற நிலையில இருந்தா மட்டும். துருவை எடுத்தா ஓடும்னா விலக்கு கிடையாது, அதை முடிவு பண்றதும் நீங்க இல்ல. ஒரு வக்கீலைப் பார்த்துட்டு, தாத்தா லைசன்ஸ் இருந்தா அதையும் தேடி எடுத்துட்டு, ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ முறைப்படி ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. வாரிசா லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கறதெல்லாம் அதுக்கப்புறம்.

கேள்வி: வாஞ்சிநாதன் மணியாச்சில ஆஷை சுட்டதும் இந்த மாதிரி ரிவால்வர் தானே?

இல்லைங்க. 1911 ஜூன் 17ல அவர் கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங், அது தானியங்கி பிஸ்டல், சுத்தற சிலிண்டரே கிடையாது.

கேள்வி: பெல்ஜியம்னதும் ஞாபகம் வருது, என்கிட்ட (ஃபிரான்ஸ்ல இருக்கேன், லைசன்ஸ் எல்லாம் சரியா இருக்கு) டிரிகர் மடங்கற குட்டி ரிவால்வர் இருக்கு, பேரு ஒண்ணும் இல்ல, முட்டை வடிவத்துக்குள்ள ஈ எல் ஜின்னு முத்திரை மட்டும்.

அது லியேஜ் நகரத்து சோதனை முத்திரை. முட்டைக்கு மேல கிரீடம் இருக்கான்னு லென்ஸ் வச்சு பாருங்க, இருந்தா 1893லயோ அதுக்கு அப்புறமோ, இல்லைன்னா அதுக்கு முந்தினது. ஹாமரும் மறைஞ்சு டிரிகரும் மடங்கினா அநேகமா வெலோடாக் வகை, காலாண்ட்ங்கற துப்பாக்கி செய்யறவர் 1890கள்ல சைக்கிள் ஓட்டறவங்களை துரத்தற நாயை சமாளிக்கன்னு கொண்டு வந்தது, தோட்டா 5.75 மில்லிமீட்டர், பென்சில் மாதிரி ஒல்லியா நீளமா இருக்கும். அப்புறம் ஆளாளுக்கு .22, 6.35ன்னு செஞ்சு தள்ளினாங்க, அதனால சிலிண்டர் நீளத்தை அளந்து சொல்லுங்க, கூடவே சிலிண்டரோட பின்பக்க போட்டோ ஒண்ணும் போடுங்க, மீதியை பார்த்துட்டு சொல்றேன். டிரிகரை சும்மா டிக் டிக்னு இழுத்துப் பார்க்காதீங்க, அந்த ஊசி உடைஞ்சா மாத்து கிடைக்காது.