பாலஸ்தீனத்தை அளந்த சங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலஸ்தீன ஆய்வு நிதியத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதை 'ராணுவத்தின் இன்னொரு கை' என்று எழுதியிருந்தீர்கள். பைபிள் ஊர்களைத் தேடிப் போன அறிஞர்களின் உழைப்பை இப்படி ஒரு வரியில் ஒதுக்குவது நியாயமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த வரியை மாற்ற மாட்டேன்.

1865-இல் லண்டனில் இந்த நிதியத்தை ஓர் ஆய்வுச் சங்கமாகத் தொடங்கியவர்கள் பாதிரிமார்களும் அறிஞர்களும்தான். மதச் சர்ச்சைகளில் இறங்குவதில்லை என்று கொள்கையே வகுத்திருந்தார்கள். ஆனால் தொடக்கக் கூட்டத்தில் யார்க் பேராயர் வில்லியம் தாம்சன், பாலஸ்தீனம் 'உங்களுக்கும் எனக்கும் உரியது' என்று பேசினார். அன்று அது ஒட்டோமான் ஆட்சியில் இருந்த நாடு. அங்கே மக்கள் உழுது பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

களத்துக்குப் போனவர்கள் யார்? வாரன், கான்டர், கிச்சனர் மூவரும் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ் படை அதிகாரிகள். 1871-இல் தொடங்கிய மேற்குப் பாலஸ்தீன அளவைப் பணி எளிதாக நடக்கவில்லை. அளவைக் குழுவில் இருந்த டிர்விட் டிரேக் 1874-இல் காய்ச்சலில் இறந்தார். மறு ஆண்டு சஃபத் ஊரில் குழுவைத் தாக்கினார்கள். கான்டரும் கிச்சனரும் காயமடைந்தார்கள், வேலை நின்றுபோனது. மீதியை 1877-இல் கிச்சனர் முடித்தார். 1880-இல் வரைபடம் வெளிவந்தது: மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் 26 தாள்கள். அந்தக் கிச்சனர்தான் பிறகு இந்தியாவில் தலைமைத் தளபதியாகவும், 1914-இல் பிரிட்டனின் போர் அமைச்சராகவும் இருந்தவர்.

என்னை அப்படி எழுதவைத்தது 1914 ஜனவரியில் பாலஸ்தீனத்தின் தெற்கே நடந்த சின் பாலைவன ஆய்வு. லெனர்டு வூலி, டி. இ. லாரன்ஸ் என்ற இரண்டு தொல்லியலாளர்களைச் சங்கம் அனுப்பியது. இடிபாடுகளைப் பார்க்கப் போகிறார்கள் என்பது ஒட்டோமான் அரசுக்குச் சொன்ன காரணம். அதே நேரத்தில் நியூகோம்ப் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் குழு, சினாய் எல்லையை ஒட்டிய பாலை நிலத்தை அளந்துகொண்டிருந்தது. படை நகர்த்த வரைபடம் வேண்டும்; அதை மறைக்க ஆராய்ச்சி என்ற போர்வை வேண்டும். சங்கம் தெரிந்தேதான் அந்தப் போர்வையைக் கொடுத்தது. அறிவுக்காகத் தொடங்கிய ஒரு சங்கம் இதற்கு இணங்கியதை என்னால் சிறு பிழையாகக் கடந்துபோக முடியவில்லை.

இதனால் அந்த 26 தாள்களும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஊர், ஓடை, கிணறு, பாழடைந்த மேடு என்று ஒவ்வொன்றின் பெயரையும் உள்ளூர் வழிகாட்டிகளிடம் கேட்டு, அரபியில் எழுதிவைத்தார்கள். அந்தப் பெயர்கள் 1881-இல் தனி நூலாகவே வந்தன. 1948-இல் நானூறுக்கும் மேற்பட்ட பாலஸ்தீனக் கிராமங்கள் குடியிழந்தன, பல தரைமட்டமாயின. அவை எங்கே இருந்தன, அவற்றின் கிணறுகள் எங்கே என்று தேடும் ஆய்வாளர்கள் இன்றும் இந்தத் தாள்களைத்தான் விரிக்கிறார்கள். அறிஞர்களின் உழைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தியோடலைட் என்ற நில அளவைக் கருவிக்கு அருகில் நின்று ஒவ்வொரு குன்றுக்கும் பெயர் சொன்ன அந்தக் கிராமத்தாரின் உழைப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.