நாய்க்கு வீடு தேடுறீங்களா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அடிபட்டு கிடந்த நாய் ஒண்ணை தூக்கிட்டு வந்து ட்ரீட்மெண்ட் பாத்து தேத்திட்டேன். ஒன்றரை வயசு இருக்கும்னு டாக்டர் சொன்னார். பின்னங்கால் லேசா நொண்டும், இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும். எங்களால வச்சுக்க முடியாத நிலைமை. ஸ்டேட்டஸ் போட்டா எல்லாரும் ஹார்ட் விடுறாங்களே ஒழிய ஒருத்தரும் வரமாட்டேங்குறாங்க. நொண்டுறதை சொல்லாம போடட்டுமா?

பதில்: போட்டா வருவாங்க, ஒரே வாரத்துல திருப்பி கொண்டுவந்து விட்டுட்டும் போவாங்க. மறைக்காதீங்க, அது நடந்து வர்ற மாதிரி ஒரு குட்டி வீடியோவே போடுங்க, அவ்ளோதானா நொண்டலுன்னு பாத்துட்டு கூப்பிடுறவங்கதான் உங்களுக்கு வேணும். ஆனா ரத்தமும் கட்டுமா இருந்த பழைய போட்டோ வேணாம், பரிதாபத்துல வாங்கிட்டு போறவங்களுக்கு அந்த பரிதாபம் செருப்பை கடிச்சு வைக்கிற வரைக்கும்தான். நின்னுட்டு மேல இருந்து எடுக்காம தரையில உக்காந்து அதோட கண்ணு உயரத்துல, பகல் வெளிச்சத்துல எடுங்க.

"ரொம்ப பாசமான நாய்"னு எழுதுறது யாருக்கும் உதவாது, எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க. தனியா விட்டா குரைக்குதா, பூனையை பாத்தா துரத்துதா, சின்ன பசங்ககிட்ட எப்படி, வெளிய போகணும்னா எப்படி கேக்கும், கருத்தடை ஆச்சா, ரேபீஸ் ஊசி எந்த தேதியில போட்டீங்க, இதெல்லாம் எழுதுங்க.

கூப்பிடுறவங்ககிட்ட கூச்சப்படாம கேளுங்க. வீட்ல எல்லாருக்கும் சம்மதமா, வாடகை வீடுன்னா ஓனருக்கு தெரியுமா, ஊருக்கு போனா யாரு பாத்துப்பாங்க, முன்னாடி வளத்த நாய் என்னாச்சு? என்னை கேட்டா கடைசி கேள்விதான் உயிர். "வயசாகி போச்சுங்க, கடைசில கிட்னி பிரச்சனை"ன்னு விவரமா சொல்றவங்க வேற, "அது எங்கயோ ஓடிப்போச்சு"ன்னு சிரிக்கிறவங்க வேற. யாருக்கோ பர்த்டே சர்ப்ரைஸ்னு கேட்டா பேச்சை அங்கயே முடிச்சுக்கோங்க. சரின்னு பட்டா நாயை நீங்களே அவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போங்க, கேட்ல எவ்ளோ இடைவெளி இருக்கு, பால்கனி கம்பி வழியா தலை நுழையுமான்னு நேர்ல பாத்தாதான் தெரியும்.

கேள்வி: தெருவுல பொறந்த 4 குட்டிங்க, 5 வாரம் ஆகுது. தாயும் கூடவே இருக்கு. ஒருத்தர் இப்பவே ஒண்ணு கேக்குறார், குடுக்கலாமா?

பதில்: வேணாம், குறைஞ்சது 8 வாரம் ஆகட்டும். கடிச்சா எவ்ளோ வலிக்கும்னு குட்டிங்க கத்துக்கிறதே கூடப்பொறந்ததுங்களோட சண்டை போட்டுத்தான். நிஜமா வேணும்னா 3 வாரம் காத்திருக்கட்டும். அதுக்குள்ள குடல்புழு மருந்து, முதல் தடுப்பூசி முடிச்சிடுங்க. அப்புறம் 16 வாரம் வரைக்கும் 3, 4 வாரத்துக்கு ஒருதடவை ஊசி இருக்குன்னு எடுக்கிறவர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.

கேள்வி: தத்து குடுத்து 4 நாள் ஆச்சு. "சாப்பிட மாட்டேங்குது, சோபா அடியிலயே கிடக்கு"ன்னு தினமும் போன் பண்றாங்க. போய் கூட்டிட்டு வந்துடட்டுமா?

பதில்: அவசரப்படாதீங்க. நாய் வளக்குறவங்க 3 நாள், 3 வாரம், 3 மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க: பயம் கொஞ்சம் தணிய, வீட்டு வழக்கம் பிடிபட, இது நம்ம வீடுன்னு ஆக. சில நாய் இன்னும் லேட்டாகும். தண்ணி குடிக்குதா, யூரின் போகுதா, கொஞ்சமாவது சாப்பிடுதான்னு கேளுங்க, 4 நாளா சுத்தமா எதுவுமே சாப்பிடலைன்னாலோ, தண்ணியும் தொடலைன்னாலோ வாந்தி, பேதி இருந்தாலோ உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. உங்க வீட்ல அது படுத்த துணியை துவைக்காம குடுத்து அனுப்புங்க, தெரிஞ்ச வாசனை இருந்தா கொஞ்சம் அடங்கும். நீங்க இப்போ நேர்ல போகாதீங்க, நீங்க கிளம்புறப்போ மறுபடி மொதல்லேர்ந்து தேட ஆரம்பிச்சிடும். வாசக்கதவு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க, புது வீட்ல மொத கொஞ்ச நாள்லதான் நாய்ங்க தப்பி ஓட வாய்ப்பு அதிகம். பயந்த நாய் பின்னாடி இழுத்தா காலர் கழண்டு வந்துடும், அதனால வெளிய போறப்போ ஹார்னஸ், அதாவது நெஞ்சை சுத்தி மாட்டுற பட்டை, மாட்டட்டும். எவ்ளோ பாத்தும் ஒத்துவரலைன்னா வேற யாருக்கும் கைமாத்தாம உங்ககிட்டயே திருப்பி குடுக்கணும்னு இப்பவாவது எழுதி வாங்கிக்கோங்க.