பேஸ்மென்றில் பூஞ்சணம் பிடித்தால் வாடகையை நிறுத்தலாமா?

தங்கச்சி, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து கனடாவுக்குப் படிக்க வந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் அறை எடுத்திருக்கிறீர்கள். யன்னல் மூலையிலும் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரிலும் கறுப்பாய்ப் பூஞ்சணம், ஹீட்டிங் மேலே இருக்கிற வீட்டுக்காரர் கையில், சொன்னால் "பார்ப்பம், பார்ப்பம்" என்ற பதில்தான். வாடகையை நிறுத்தினால் அவர் வழிக்கு வருவாரா, முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட், ஃபோன் பிளான், பகுதிநேர வேலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் உங்களோடு படிக்கிற பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் வீட்டு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் எங்கள் சனம் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறது.

வாடகையை நிறுத்த வேண்டாம். ஒரு மாதம்கூட வேண்டாம். நீங்கள் நிறுத்திய உடனே வீட்டுக்காரர் என்4 என்ற, பாக்கியைக் கட்டு அல்லது வெளியேறு என்கிற நோட்டீஸ் தருவார், அதற்குப் பிறகு வாடகை வழக்குகளை விசாரிக்கிற லாண்ட்லோட் அண்ட் ரெனன்ற் போர்டில் நடப்பது வாடகை கட்டாத பிள்ளையின் வழக்கு. பூஞ்சணம் பின்னுக்குப் போய்விடும். நான் 1999இல் வந்து இறங்கியபோது இருந்த பேஸ்மென்றில் சாவகச்சேரி அண்ணா ஒருவரும் இருந்தார். சுடுதண்ணி ஒழுங்காக வராது, மழை பெய்தால் படிக்கட்டுப் பக்கமாகத் தண்ணீர் உள்ளே வரும். அவர் ரோசக்காரர், திருத்தித் தரும்வரை காசு இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்தக் காலச் சட்டத்தில், வெளியேற்றச் சொல்லி விண்ணப்பம் போட்ட தாள் கைக்கு வந்தால் ஐந்து நாளுக்குள் எழுத்தில் மறுப்புக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் விசாரணையே இல்லாமல் உத்தரவு வந்துவிடும். இரவு வேலைக்குப் போய்வந்த மனிதர், ஆங்கிலத் தாள், மேசையில் கிடந்தது. அவர் இரண்டு பையோடு பனிக்குள் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். சுடுதண்ணி வராத கதையை யாரும் கேட்கவேயில்லை. 2007 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்த, இப்போதைய 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அந்த ஐந்து நாள் விதி இல்லை, விசாரணையில் உங்கள் பக்கத்தையும் சொல்லலாம். ஆனாலும் வாடகைப் பாக்கி என்பது வீட்டுக்காரர் கையில் நீங்களே கொடுக்கிற கத்தி.

விசாவைப் பற்றிப் பயப்படாதீர்கள். வீடு திருத்தச் சொல்லிக் கேட்பது குற்றம் இல்லை. வாடகைச் சட்டம் மாணவர், அகதி, குடியுரிமை உள்ளவர் என்று ஆள் பார்ப்பதும் இல்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது. உங்கள் குசினியும் குளியலறையும் யாரோடு? வீட்டுச் சொந்தக்காரரோடோ அதே வீட்டில் இருக்கிற அவருடைய மனைவி, பிள்ளை, தாய் தகப்பனோடோ குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டும் என்ற ஏற்பாடு என்றால், 2006ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, போர்டுக்கும் போக முடியாது. பேஸ்மென்றில் தனிக் குசினி, தனிக் குளியலறை, அல்லது உங்களைப் போல வாடகைக்கு இருக்கிற வேறு பிள்ளைகளோடு பகிர்வது என்றால் பொருந்தும். எங்கள் ஆட்கள் சிலருக்கு இது நன்றாகவே தெரியும். "நீங்களும் எங்கட பிள்ளை மாதிரித்தானே, மேலே வந்து சமையுங்கோ" என்று ஒரு வசனத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அறை பார்க்கப் போகும்போது வாடகை எவ்வளவு என்று கேட்க முதல் இதைக் கேளுங்கள்.

பொருந்துகிறது என்றால் சட்டம் உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. வீட்டைத் திருத்தி, இருக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. "வரும்போதே பூஞ்சணம் இருந்தது, பார்த்துத்தானே வந்தனீர்" என்று அவர் சொன்னால் அது செல்லாது, குறை முதலே தெரிந்திருந்தாலும் கடமை கடமைதான். அந்த பேஸ்மென்ற் மாநகர அனுமதி இல்லாமல் கட்டியது என்றாலும் வாடகைக்காரரின் உரிமை போகாது. ஆனால் ஒன்று, வெளியேற வழி இல்லை, தீ ஆபத்து என்று அதிகாரிகள் கண்டால் அந்த இடத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று மூடலாம், அதனால் முறைப்பாடு செய்ய முதல் மாற்று இடம் ஒன்றையும் யோசித்து வைத்திருங்கள். வீடு பழுதானால் எடுக்க என்று தனியாக டெபொசிற் வாங்கவும் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் முடியாது, கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்பணமாக வாங்கலாம்.

ஆனால் போர்டுக்கு முன்னால் எழுத்துத்தான் பலம். படிக்கட்டில் நின்று சொன்னதும், கோயிலில் கண்டபோது சொன்னதும் நிரூபிக்கக் கஷ்டம். இன்றைக்கே அவருக்கு ஒரு மின்னஞ்சலோ மெசேஜோ போடுங்கள்: எந்தச் சுவர், எப்போதிருந்து, என்ன திருத்த வேண்டும். மரியாதையாக எழுதுங்கள், நாளைக்கு அதை வேறொருவர் வாசிப்பார். பூஞ்சணத்தைத் துடைக்க முதல் படம் எடுங்கள். பிளீச் போட்டால் கறுப்பு மறையும், சுவருக்குப் பின்னால் ஈரம் இருந்தால் திரும்ப வரும், துடைத்த சுவரைக் காட்டி என்ன நிரூபிக்கப் போகிறீர்கள்? ஒரு வெப்பமானி வாங்கி அறையில் வைத்து அதையும் படம் எடுங்கள், குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் 21 பாகை இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ மாநகர விதி. வாடகையைக் கையில் காசாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், பற்றுச்சீட்டு கேளுங்கள், கேட்டால் தரத்தான் வேண்டும்.

"நீங்கள் கறி சமைக்கிறியள், உள்ளுக்குள் உடுப்புக் காயப்போடுறியள், அதுதான் பூஞ்சணம்" என்று சொல்வார். எல்லா வீட்டுக்காரரும் சொல்வது அதுதான். சமைக்கும்போது எக்ஸோஸ்ட் விசிறியைப் போடுங்கள், உடுப்பை வெளியே லாண்டரியில் காயவையுங்கள், அந்தக் கதைக்கு இடமே வைக்காதீர்கள். அத்திவாரத்து வெடிப்பால் வருகிற தண்ணீரும், யன்னல் சட்டத்துக்குள்ளால் வருகிற குளிரும் உங்கள் சமையலால் வந்தவை அல்ல.

எழுதியும் அசையவில்லை என்றால் மாநகரத்தின் 311 இலக்கத்துக்கு ஃபோன் எடுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். மாநகரப் பரிசோதகர் வந்து பார்த்து எழுதுகிற அறிக்கை உங்கள் படங்களைவிடப் பெறுமதி. அதற்குப் பிறகுதான் லாண்ட்லோட் அண்ட் ரெனன்ற் போர்டில் ரி6 விண்ணப்பம். திருத்தச் சொல்லி உத்தரவும், கொடுத்த வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் கேட்கலாம், ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். உடனே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் போர்டில் 38,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதாக, அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் 2023 மே மாத அறிக்கையில் எழுதினார். அதனால்தான் எழுத்தையும் படத்தையும் இப்போதே சேர்க்கச் சொல்கிறேன், விசாரணை வருகிற நேரத்தில் நீங்கள் அந்த வீட்டிலேயே இல்லாமல் இருக்கலாம்.

நீங்கள் கடைசி வரியில் எழுதியது எனக்குப் பெரிதாய்ப் பட்டது. வீட்டுக்காரரின் தமக்கை கோண்டாவிலில் உங்கள் அம்மாவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா, "உங்கட மகள் வாய்காட்டுறாளாம்" என்று அம்மாவிடம் கதை போய்விட்டது, அம்மா ஃபோன் எடுத்து அழுகிறா. இது எனக்குப் புதிதில்லை. போர்டுக்குப் போக முதல் கதை ஊருக்குப் போய்விடும், அந்தப் பயத்திலேயே எத்தனையோ பிள்ளைகள் இருமி இருமிப் படித்து முடிக்கிறார்கள்.

1995 அக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்தபோது நானும் நடந்தவன். தென்மராட்சியில் முன்பின் தெரியாத சனம் கதவைத் திறந்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் ஐந்தாறு குடும்பம், கிணற்றடியில் வரிசை, திண்ணையில் பாய். யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது, அவர்கள் ஒரு சதம் வாங்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் உடம்பில் ஊறிவிட்டது, கூரை தந்தவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று. ஆனால் மாதம் பிறக்க முதலே காசு எண்ணி வாங்குகிறவர் அந்தத் தென்மராட்சிச் சனம் இல்லை. அவருக்கு நீங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கவில்லை, வாடகைதான் கடன், அதைக் கொடுத்துவிட்டீர்கள். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

வந்தபோது இதே பேஸ்மென்றுகளில் குளிர்ந்து கிடந்தவர்கள்தான் இன்று மேலே இருந்து ஹீட்டரைக் குறைக்கிறார்கள், எனக்கு அதில்தான் கோபம். ஊரிலும் இவர்களில் சிலர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டைக் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கூரை ஒழுகுது என்றால் ஃபோனையே எடுக்கமாட்டார்கள். எல்லாரும் அப்படி இல்லை. பிறகு எனக்கு வீடு தந்த வேலணை ஐயா பனி விழ முதல் வந்து யன்னலெல்லாம் தானே பார்ப்பார். இன்று என் வீட்டின் கீழ்ப்பகுதியை நானும் வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். கீழே தனி ஹீட்டிங் போட்டு, புகை அலாரத்தையும் கார்பன் மொனொக்சைட் அலாரத்தையும் நானே சோதிக்கிறேன்.

நீங்கள் எழுதத் தொடங்கிய பிறகு அவர் கோபப்படுவார். தண்ணீர், மின்சாரம், ஹீட்டிங் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. பூட்டு மாற்றவும் முடியாது. மகனுக்கு இடம் வேண்டும், எழும்புங்கள் என்று என்12 என்ற நோட்டீஸ் தந்தால் குறைந்தது 60 நாள் அவகாசம், அதற்குள் பெட்டி கட்ட வேண்டாம், முறைப்பாடு செய்ததற்காகத்தான் எழுப்புகிறார் என்று போர்ட் கண்டால் வெளியேற்ற உத்தரவு தராது. ஆனால் ஒரு நாள் கேக்கும் கையுமாய்க் கீழே வந்து, "பிள்ளை, சண்டை வேண்டாம், இதில் ஒரு கையெழுத்துப் போடும்" என்று தாள் நீட்டுவார். தலைப்பில் என்11 என்று இருந்தால் அது நீங்களே விரும்பிப் போவதாக ஒப்புக்கொள்கிற தாள். அங்கேயே கையெழுத்து வைக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு ஸ்காபரோ கம்யூனிட்டி லீகல் சேர்விசசுக்கோ வேறு சமூகச் சட்ட நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே காசு வாங்கமாட்டார்கள்.