வாங்குமுன் கேளுங்கள்: கிரேக்கத்துக்கு ஒரு கே குழுப் பயணம்

கேள்வி: நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். என் துணைவர் ரொறன்ரோவில் இருக்கிறார். இருவரும் வரும் வைகாசியில் கிரேக்கம் பார்க்கப் போக நினைக்கிறோம். தன்பாலீர்ப்பாளர்களை மட்டும் குழுவாகக் கூட்டிப்போகும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று ஏதென்ஸ், டெல்பி, மிக்கோனோஸ், டெலோஸ் என்று ஒரு பயணம் விற்கிறது. அதே இடங்களுக்குப் போகும் சாதாரணக் குழுவைவிட விலை நன்றாகவே கூட. கொடுக்கலாமா? முற்பணத்தை இந்தக் கிழமையே கட்டச் சொல்கிறார்கள். (பெயர் வேண்டாம், வவுனியா)

பதில்: இந்தக் கிழமை கட்டாதீர்கள். முதலில் விசா விஷயத்தைப் பேசித் தீருங்கள்.

இப்படியான கம்பனிகள் மிச்சக் காசை, புறப்பட இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே முழுதாகக் கேட்கும். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோருக்கு விசாவே தேவையில்லை, அதனால் இதில் உள்ள சிக்கல் அவர்களுக்குத் தெரிவதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிற உங்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், இழுத்தால் 45 நாள் வரை போகும். நேர்முகத்துக்கு நாள் கிடைக்கிற சிரமம் வேறு. ஆக, முழுக்காசையும் கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிற நிலை உங்களுக்கு வரக்கூடும். 'விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும், எந்தத் திகதிக்குள் அறிவிக்க வேண்டும்' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். அது பயணம் குழம்பினால் காசைத் தராது, அதற்கு வேறு காப்புறுதி.

சரி, கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது? அக்ரோபோலிஸில் எல்லோருக்கும் ஒரே கல், ஒரே ரிக்கற். 2025 சித்திரையிலிருந்து அது 30 யூரோ, குறித்த நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்கள். பாதுகாப்புக்காகக் கூடக் கொடுக்கிறோம் என்று நினைத்தால் அதுவும் பெரிய காரணமில்லை, கிரேக்கம் 2024 மாசியில் ஒருபால் திருமணத்தையே சட்டமாக்கிய நாடு. நீங்கள் உண்மையில் வாங்குவது இரண்டு விஷயம். ஒன்று, சாப்பாட்டு மேசையில் "மனைவி வரவில்லையா?" என்ற கேள்வி இல்லாத பத்து நாள். வவுனியாவில் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்த ஒருவருக்கு அது சின்ன விஷயமில்லை. இரண்டாவது, அந்த இடங்களில் தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டியின் கதை. இந்த இரண்டாவதில்தான் பல கம்பனிகள் ஏமாற்றுகின்றன. சாதாரணச் சுற்றுலாவையே எடுத்து, மிக்கோனோஸில் இரண்டு இரவு மதுக்கடையைச் சேர்த்து, விலையை ஏற்றிவிடுவார்கள்.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஏதென்ஸிலிருந்து டெல்பிக்குப் போகிற வழியில் லிவாடியா என்ற நகரம், அதற்குக் கிட்ட, வழியிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால், கேரோனியா என்று ஓர் ஊர். கி.மு. 338இல் மக்கெதோனியாவின் பிலிப்பு அங்கேதான் தீப்ஸ் நகரப் படையை உடைத்தான். அந்தப் படையின் முன்னணியில் நின்று மடிந்தது 'புனிதப் படை'. காதலரான ஆண் சோடிகளைக் கொண்ட 300 பேர் படை அது என்று சொல்லப்படுவதைப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். தெருவோரம் ஒரு பெரிய கற்சிங்கம் குந்தியிருக்கிறது. அதைச் சுற்றித் தோண்டியபோது வரிசை வரிசையாக 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன. "உங்கள் பஸ் கேரோனியாவில் நிற்குமா, அங்கே யார் விளக்குவார்?" என்று கேளுங்கள். நிற்கும் என்று சொல்லி, உரிமம் பெற்ற வழிகாட்டியின் விவரத்தையும் தந்தால் விலைக்கு ஏதோ நியாயம் இருக்கிறது. "அது எங்கே?" என்று திருப்பிக் கேட்டால் சாதாரணக் குழுவில் போய், மிச்சக் காசுக்கு நீங்களே ஒரு கார் பிடித்துச் சிங்கத்தைப் பாருங்கள்.

டெலோஸ் தீவில் இரவு தங்க விடமாட்டார்கள். மிக்கோனோஸிலிருந்து படகில் போய்த் திரும்ப வேண்டும், காற்றடித்தால் படகு இல்லை. அப்படியானால் அந்த நாளுக்குக் காசா, வேறு இடமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பிறகு அறை. பதிவுத் தாளில் 'ட்வின்' என்று போட்டிருந்தால் இரண்டு கட்டில், 'டபிள்' என்றால் ஒன்று. இதற்காகவே கூடக் கொடுக்கிறீர்கள், ஹோட்டல் வாசலில் போய் நின்று வெட்கப்பட்டுக் கேட்கிற நிலை வேண்டாம்.

காசை உண்டியலில் மட்டும் அனுப்பாதீர்கள். ரசீதும் இல்லை, முறையிட இடமும் இல்லை. உங்கள் துணைவர் ஒன்ராறியோவில் பதிவுள்ள முகவரிடம் வாங்கினால் நல்லது. அந்த முகவர் வங்குரோத்தானால் அங்கே பயண முகவர்களைக் கண்காணிக்கும் 'ரிக்கோ' (TICO) என்ற அமைப்பின் நட்டஈட்டு நிதி இருக்கிறது. கம்பனியின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும் என்றால், விசாக் கோப்பில் வைக்கிற கடிதத்தையும் பற்றுச்சீட்டையும் பொதுவான பெயரில் தரமுடியுமா என்று கேளுங்கள். அந்தக் கோப்பை உங்களூர் ஏஜன்டிடம் நிரப்பக் கொடுக்கிறீர்களானால் இது முக்கியம்.

கேள்வி: இதே மாதிரி எகிப்துக்கும் விற்கிறார்கள். போகலாமா? (கிளிநொச்சி)

பதில்: பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கெய்ரோவுக்குக் கிட்ட உள்ள சக்காராவில் 1964இல் கண்டுபிடித்த ஒரு கல்லறையில், அரசனுக்கு நகம் திருத்திய நியாங்க்னும், க்னும்ஹோதெப் என்ற இருவர் சுவர்ச் செதுக்கலில் மூக்கோடு மூக்கு முட்டத் தழுவி நிற்கிறார்கள். காதலரா, இரட்டையரா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் 1961ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க விபசாரத் தடைச் சட்டத்தை வைத்து அங்கே தன்பாலீர்ப்பாளர்களைப் பிடிக்கிறார்கள், டேட்டிங் செயலிகளில் பொலிசார் வேறு பெயரில் வந்து வலை விரித்த சம்பவங்களும் உண்டு. எந்தக் கம்பனியாலும் அதிலிருந்து பாதுகாப்பு விற்க முடியாது. விற்பதாகச் சொன்னால் அந்தக் கம்பனியை விடுங்கள். போனால் செயலியைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து என் நண்பர்கள், எல்லாரும் கே, குழுவாக அனுராதபுரம் பார்த்துவிட்டு எங்கள் பக்கமும் வரப்போகிறார்கள். என்ன சொல்லி வைக்க? (முல்லைத்தீவு)

பதில்: ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன என்று முதலில் சொல்லுங்கள். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 வைகாசியில் உயர் நீதிமன்றம் சொன்னது, அதோடு நிற்கிறது. அறை எடுப்பதில் பெரிய தொல்லை வராது. எங்கள் பக்க லொட்ஜ்களில் கலியாணம் முடிக்காத ஆணும் பெண்ணும் போனால்தான் ஆயிரம் கேள்வி. வான்காரரை அமர்த்தமுன் அவரை அனுப்பும் நிறுவனம் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவானதா என்று பாருங்கள். உள்ளூரில் ஏமாந்தால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம், அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும். கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லையும் காட்டுங்கள், பத்து நிமிஷம் போதும்.