கானல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. இந்தப் பருவம் முழுக்கத் தனுஷ்கோடி சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரையை (ஃபிளமிங்கோ) படம் எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். 150-600 மிமீ லென்ஸ், கிராப் (சிறிய) சென்சார் கேமரா. பஸ் மாறிப் போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிடும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பறவையின் ஓரமெல்லாம் குழைந்து வருகிறது. 1.4 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் போட்டால் சரியாகுமா? அல்லது இந்த லென்ஸை விற்றுவிட்டு, செகண்ட் ஹேண்டில் வருகிற ஒரு 500 மிமீ பிரைம் லென்ஸை (ஜூம் இல்லாதது) வாங்கிவிடட்டுமா? வீட்டில் வளையலை வைத்துத் தருகிறேன் என்கிறாள். ரா (RAW) கோப்பாக எடுக்க வேண்டுமா, ஜேபெக் போதுமா? எந்த மென்பொருள் நல்லது? பறக்கும் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கூட வந்த நண்பர் கைதட்டினார், கூட்டம் எழும்பியது, எடுத்தேன். பார்த்துச் சொல்லுங்கள்.

க., பரமக்குடி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வளையலைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். கைதட்டிய நண்பரிடம் பிறகு வருகிறேன்.

உங்கள் படத்தின் கோப்பில் நேரம் 10:42 என்று இருக்கிறது. லென்ஸ் 600 மிமீ, துளை எஃப் 6.3, ஷட்டர் 1/1250 நொடி. நேரத்தைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிட்டது. தை மாத வெயிலில் அந்த மணலுக்கு மேலாக யார் எந்த லென்ஸில் எடுத்தாலும் இதுதான் வரும். கானல், சூடான காற்றில் காட்சி நெளிவது. நம் கரையில் படம் கெடுவதற்கு முதல் காரணம் இது என்று விரிவாக எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு லென்ஸைத் திட்டிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். கழுத்தை நீட்டி நிற்கும் பூநாரை ஏறக்குறைய 130 செமீ உயரம். உங்கள் படங்களில் அது படச்சட்டத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது. உங்கள் சென்சாரின் உயரம் 15 மிமீ சொச்சம். ஆறில் ஒன்று என்றால் இரண்டரை மிமீ. 130 செமீயை 600ஆல் பெருக்கி இரண்டரை மிமீயால் வகுத்தால் 300 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அந்தத் தூரத்தில் 600 மிமீ, எஃப் 6.3-க்குக் கூர்மையாகத் தெரியும் ஆழம் 60 மீட்டருக்குக் குறையாது. அதாவது கூட்டம் முழுவதுமே ஃபோகஸுக்குள் இருக்கிறது. ஃபோகஸ் இரண்டு மீட்டர் தள்ளிப்போயிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. இதே லென்ஸில் 20 மீட்டரில் நிற்கும் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையை எடுத்தால் ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அங்கே குழைந்தால் லென்ஸையும் கையையும் சந்தேகப்படலாம். 300 மீட்டரில் சந்தேகப்பட வேண்டியது நடுவில் கிடக்கும் காற்றை.

நம்பிக்கை வரவில்லையென்றால் பூநாரையின் காலைப் பாருங்கள். இதைவிட நல்ல அளவுகோல் இந்தக் கரையில் கிடையாது. குச்சிபோல் நேராக, மெலிசாக, தண்ணீருக்கு மேலே தனியாகத் தெரியும் கால். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கால் அங்கங்கே நெளிந்திருந்தால், முட்டுக்குக் கீழே ஒருபக்கமும் மேலே மறுபக்கமும் வளைந்திருந்தால், அது கானல். எல்லாக் காலும் ஒரே திசையில் இரண்டிரண்டாகத் தெரிந்தால் கை நடுங்கியிருக்கிறது, ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள். கால் நேராக இருந்து ஒரே சீராக மங்கியிருக்க, முன்னாலோ பின்னாலோ உள்ள சிற்றலை மட்டும் கூர்மையாக இருந்தால்தான் ஃபோகஸ் தவறு. நீங்கள் அனுப்பிய படத்தில் பின்னால் நிற்கிற பறவையின் கால் பாம்பாக நெளிகிறது. இதற்கா 500 பிரைம்?

டெலிகன்வெர்ட்டர் பறவையைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தேதான் பெரிதாக்கும். கூடவே ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும், எஃப் 6.3 எஃப் 9 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர்கள் எஃப் 8-ஐத் தாண்டினால் ஃபோகஸ் பிடிக்கவே திணறும். அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலாக எதிர்ச்சுவரைப் பார்த்தால் சுவர் ஆடுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. வெயிலில் மணல் சூடேறி, மணலை ஒட்டிய காற்றும் சூடாகி மேலெழும்புகிறது. சூட்டுக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. காய்ந்த மணல் சீக்கிரம் சூடேறும், ஈர மணல் மெதுவாக, தண்ணீர் இன்னும் மெதுவாக. தார்ச்சாலைதான் எல்லாவற்றிலும் மோசம். மேகம் போட்ட நாளிலும், மழை பெய்து விட்ட மறுநாள் காலையிலும் தொல்லை குறைவு.

இதில் பலருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. கலங்கிய காற்று பறவைக்குப் பக்கத்தில் இருப்பதைவிட லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் கேடு அதிகம். நீங்கள் சாலையோரம் நின்று, தாருக்கு மேலாகவும் சூடான மணல்மேட்டுக்கு மேலாகவும் நீரில் நிற்கும் பறவையைக் குறிவைக்கிறீர்கள். லென்ஸுக்கு முன்னால் முதல் பத்து மீட்டரிலேயே படம் செத்துவிடுகிறது. ஈர மணல் தொடங்கும் விளிம்பு வரை இறங்கி, லென்ஸுக்கு நேர்முன்னால் ஈரமோ தண்ணீரோ இருக்கும்படி நின்றாலே பாதி நோய் தீரும், பறவையை நெருங்காமலே. காரில் வருகிறவர்கள் பானட்டின் மேல் லென்ஸை வைத்து எடுக்கிறார்கள். இன்ஜின் சூட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏசி ஓடும் காரின் ஜன்னல் வழியாக எடுத்தாலும் உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் கண்ணாடி விளிம்பிலேயே கலந்து இதே வேலையைச் செய்யும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லென்ஸ் முதலில் பனிக்கும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் விடுங்கள், துடைக்காதீர்கள்.

'தரையோடு படுத்து எடு, பறவையின் கண் மட்டத்துக்கு வா' என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் சூரியன் எழுந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும்தான். அதற்குள் மணல் சூடேறியிருக்காது. படுத்தால் பின்புலம் தூரத்துக்குப் போய்விடும், பறவை தனித்து நிற்கும். எட்டரைக்கு மேல் அதே படுக்கை உங்களுக்கு எதிரி. தரையிலிருந்து முதல் ஓரிரு அடிதான் மிகவும் கலங்கிய காற்று, நீங்கள் அதற்குள்ளேயே முழுநீளத்துக்கும் பார்க்கிறீர்கள். அப்போது எழுந்து நில்லுங்கள், முடிந்தால் கரைமேட்டில் ஏறுங்கள். பார்வை சாய்வாக இறங்கினால் அந்த அடுக்கைக் கடக்கும் தூரம் குறையும். படத்தின் அழகு கொஞ்சம் போகும், கூர்மை மிஞ்சும். ஒன்பதரைக்கு மேல் 50 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் எடுக்காதீர்கள் என்பேன். கல்திருப்பி உள்ளான் கால்மாட்டில் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும், அதை எடுங்கள்.

ஷட்டரை 1/4000 ஆக்கினால் கானல் உறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உறையும், நெளிந்தபடியே உறையும். மென்பொருளில் மூட்டம் நீக்கும் பட்டியை இழுத்தால் வெளிறல் போகுமே தவிர நெளிவு போகாது. லேசான கானலில் ஒரே ஒரு வழி உண்டு: அசையாமல் நிற்கும் பறவையை 20 படங்கள் பர்ஸ்டில், அதாவது விடாமல் தொடர்ச்சியாக, எடுங்கள். காற்று ஒரு கணம் நின்றபோது விழுந்த ஒன்றிரண்டில் கண் கூர்மையாக இருக்கும். மற்றதை அழித்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் பிரச்சினை பஸ் நேரம், தம்பி. சனிக்கிழமை ராத்திரியே ராமேஸ்வரம் போய்த் தங்குங்கள். அடகு வட்டியை நினைத்தால் அறை வாடகை பெரிதில்லை. அது முடியாத வாரங்களில் தனுஷ்கோடியை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரை ஒட்டித் தேர்த்தங்கல் கண்மாய் இருக்கிறது, ராமநாதபுரத்தை ஒட்டிச் சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது, இரண்டும் சரணாலயம். மழை பெய்த ஆண்டுகளில் கருவேல மரங்களில் கூடு கட்டும் பறவைகளைக் கரையிலிருந்தே எடுக்கலாம். நடுவில் தண்ணீர் கிடக்கிறது, தூரமும் குறைவு. பூநாரை இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள்.

இப்போது கைதட்டல். உங்கள் நண்பர் செய்தது படப்பிடிப்பே இல்லை, விரட்டுதல். பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் வடித்துத் தின்கிற பறவை. தின்னத்தான் அது இங்கே வருகிறது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் அதனால் எழும்ப முடியும், ஒவ்வொரு தடவையும் தின்றதைச் செலவழித்துக்கொண்டு. நீங்கள் ஒருமுறை, அடுத்த காரில் வருகிறவர் ஒருமுறை, டிரோன்காரர் ஒருமுறை என்றால் அது எப்போது தின்னும்? 2025 ஜூனில் அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. சரணாலயத்தில் பறவையைச் சீண்டுவது சட்டப்படியே குற்றம். படமாகவும் அது மட்டம்: அஞ்சி எழுந்த கூட்டம் எப்போதும் உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பறக்கும். உங்கள் படத்தில் ஒரு கண்ணாவது தெரிகிறதா? வெறும் வால்.

நெருங்கலாமா என்பதைப் பறவையிடமே கேளுங்கள். தலைகள் நீரில் இருந்தால் சரி. நாலைந்து கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால் அங்கேயே நில்லுங்கள், உட்காருங்கள். கூட்டம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டதென்றால் ஏற்கெனவே அதிகம் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். கோடையில் ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணலில் முட்டையிடும் காலத்தில் நீர்வரம்புக்கு மேலே காலே வைக்காதீர்கள். முட்டை மணல் நிறத்தில்தான் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். தாய் எழுந்து போனால் உச்சி வெயிலில் அது வெந்துவிடும்.

பறக்கும் படம் வேண்டுமென்றால் கை தட்ட வேண்டாம், காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. காலையில் கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றும் வெளிச்சமும் ஏறக்குறைய உங்கள் பின்னாலிருந்து வரும். இறங்குகிற பறவை தானாகவே உங்கள் பக்கம் முகம் காட்டும், முகத்தில் வெயிலும் இருக்கும். கோயிலுக்குப் போகும் பாதையில் நின்றால் மேற்குப் பக்கத்து நீரைப் பாருங்கள். சாயங்காலம் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். சூரியன் தென்மேற்கில், காற்று வடகிழக்கில், ஒன்று முதுகு கிடைக்கும் இல்லையென்றால் எதிர்வெயில். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று. அப்போது மாலை நல்லது. அந்த மாதங்களில் ஆண் கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், பெண் கடல் (வடக்கே பாக் விரிகுடா) குளம்போலக் கிடக்கும், ஆலாக்கள் மீனுக்குப் பாய்வதை அந்தப் பக்கம் பார்க்கலாம்.

எக்ஸ்போஷரை மேனுவலில் வையுங்கள். வெள்ளை மணல் பின்னால் இருந்தால் கேமரா பறவையை இருட்டாக்கும், கருத்த நீர் பின்னால் இருந்தால் இறகை வெளுக்கடிக்கும். பறவை நகர்ந்துகொண்டே இருக்கும், வெயில் மாறுவதில்லை. சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்தில் ஐஎஸ்ஓ 800, எஃப் 6.3, 1/2000-இல் தொடங்குங்கள். திரையில் வெள்ளை இறகு அளவுக்கு மீறி வெளுத்து மினுக்கினால், மினுக்கல் நிற்கும்வரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெயில் ஏற ஏற ஐஎஸ்ஓவை 400-க்கு இறக்குங்கள்.

ராவா ஜேபெக்கா: ரா. மென்பொருள்: கேமராவோடு இலவசமாக வருவதே போதும். ட்ரைபாட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. துணிப்பையில் இரண்டு கிலோ காராமணியைத் தைத்து எடுத்துப் போங்கள், லென்ஸை அதன்மேல் சாய்த்து எடுக்கலாம். உப்புத் தண்ணீர் தெறித்த கண்ணாடியைச் சட்டையால் துடைத்துவிடாதீர்கள். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி.

இனி எழுதும்போது ஒரு வேலை செய்யுங்கள். காலை ஏழு மணிக்கு 20 மீட்டரில் நிற்கும் எதையாவது, ஒரு கம்பமோ காகமோ, 20 படங்கள் எடுங்கள். பத்து மணிக்கு அதே இடத்திலிருந்து அதே அமைப்பில் தூரத்துப் பூநாரையை 20 எடுங்கள். முதல் இருபதும் கூர்மையாக இருந்தால் லென்ஸ் நிரபராதி. அவையும் மங்கியிருந்தால் எனக்கு அனுப்புங்கள், அப்போது லென்ஸைப் பற்றிப் பேசலாம். அனுப்பும்போது நல்லதைப் பொறுக்கி அனுப்ப வேண்டாம். நாற்பதையும், ஓரம் வெட்டாமல், நேரம் அழியாமல்.