எல்.இ.டி. மாட்டிய பிறகும் தெருவிளக்கு பில் ஏன் பெரிதாக இறங்கவில்லை?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். மின் நிறுவனம் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியது. மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்கிறார்கள், ஆனால் மாத பில்லில் விளக்குக்கு ஒரு டாலர்கூட இறங்கவில்லை. ஏமாற்றுகிறார்களா என்று கேட்கிறார்.

நானும் சில வருடங்கள் இதே மாதிரி ஒரு சங்கத்தில் கணக்கு பார்த்தவன். அப்போது இதே சந்தேகத்தில் ராத்திரி உட்கார்ந்து கட்டணப் பட்டியலைப் படித்திருக்கிறேன். ஏமாற்று இல்லை. அந்த பில்லில் மின்சாரம் ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் விளக்கின் வாடகை.

முதலில் மின்சாரம். பெரும்பாலான தெருவிளக்குகளுக்கு மீட்டர் கிடையாது. கம்பத்துக்குக் கம்பம் மீட்டர் வைத்தால் மீட்டரின் செலவு விளக்கு தின்னும் மின்சாரத்தைவிட அதிகமாகிவிடும். அதனால் எரியும் நேரத்தைக் கணக்குப் போட்டே யூனிட்டை முடிவு செய்கிறார்கள். வருடத்தில் 8,760 மணி நேரம். பாதி இரவு என்றால் 4,380. ஆனால் சூரியன் மறைந்த உடனே விளக்கு எரிவதில்லை. சாயங்காலமும் விடியற்காலையும் சேர்த்து நாளைக்கு முக்கால் மணி நேரம் போல அந்தி வெளிச்சமே போதும். அதைக் கழித்தால் சுமார் 4,100. கலிஃபோர்னியாவின் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின் நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் இந்த 4,100 மணி நேரம்தான் அடிப்படை.

100 வாட் சோடியம் விளக்கு 100 வாட்டோடு நிற்காது. சோக்கும் சேர்ந்து சுமார் 120 வாட் இழுக்கும், மாதம் 41 யூனிட். எல்.இ.டி.க்கு ஐந்து ஐந்து வாட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் நடுப் புள்ளியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 35-க்கு மேல் 40 வரை என்றால் 37.5 வாட், அதாவது மாதம் 12.8 யூனிட். 36 வாட் விளக்கும் 40 வாட் விளக்கும் ஒரே கட்டணம். 41 வாட் வாங்கினால் அடுத்த படிக்குப் போய் 14.5 யூனிட். நகராட்சிக்காரர்கள் விளக்கு வாங்கும்போது அந்த ஒரு வாட்டுக்கு மல்லுக்கட்டுவதில் நியாயம் இருக்கிறது!

இனி வாடகைக்கு வருவோம். புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. யூனிட்டுக்கு 12 சென்ட் என்றால் பழைய விளக்குக்கு மின்சாரம் 4.92 டாலர், புதியதற்கு ஏறக்குறைய 1.54. மாதம் 3.38 மிச்சம். ஆனால் புதிய விளக்கை வாங்கி மாட்ட 300 டாலர் ஆனது என்று வையுங்கள். அது நிறுவனத்தின் முதலீடு. 20 வருடத்தில் 8 சதவீத ஆதாயத்தோடு திரும்ப எடுக்க மாதம் இரண்டரை டாலர் வேண்டும். மிச்சம் 90 சென்ட்கூட இல்லை. இதற்கு மேல் கம்பம், கம்பி, வரி, அலுவலகச் செலவு எல்லாம் தனித்தனியாக ஏறும்.

அப்புறம் இன்னொன்று, எரிச்சல் தருவது. கழற்றிய பழைய விளக்கின் தேய்மானம் கணக்குப் புத்தகத்தில் முடிந்திருக்காது. குப்பைக்குப் போன விளக்குக்கு மிச்சப் பணத்தை யாராவது கட்ட வேண்டும். சில இடங்களில் விளக்கை மாற்றும் கட்டணம் என்று ஒரே தடவையில் வாங்குவார்கள், சில இடங்களில் மாத பில்லுக்குள் கரைத்துவிடுவார்கள்.

பராமரிப்பில் உண்மையிலேயே லாபம் உண்டு. சோடியம் பல்பின் ஆயுள் 24,000 மணி, ஆறு வருடத்துக்குள் ஏணி வண்டி வந்தாக வேண்டும். எல்.இ.டி. அதைப்போல் பல மடங்கு உழைக்கும். ஆனால் இருட்டை உணரும் போட்டோசெல் இடையில் போகும், வண்டி மோதிக் கம்பம் சாயும். பழைய பராமரிப்புத் தொகையையே புதிய விளக்குக்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டண விசாரணையில் சண்டை போட வேண்டிய இடம் அதுதான். கலிஃபோர்னியாவில் நகரங்களும் மாவட்டங்களும் தெருவிளக்குக்கென்றே சங்கம் வைத்து, மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநில ஆணையத்தின் முன் இப்படி வாதாடுகின்றன.

இதனால்தான் சில ஊர்கள் விளக்கையே வாங்கிவிட்டன. மாசசூசெட்ஸில் 1997-இல் வந்த சட்டம் நகராட்சிகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. சொந்த விளக்கென்றால் வாடகை போய்விடும், மின்சாரமும் கம்பி வழி கொண்டுவரும் கட்டணமும் மட்டும். ஒரு தெரு மட்டும் வைத்திருக்கும் சங்கத்துக்கு இது சரிவராது, ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டும்.

இரவில்தான் எரிகிறது, அதனால் மலிவு என்ற பழைய வாதம் இப்போது அவ்வளவு எடுபடாது. கோடை மதியம் ஏசி ஓடும்போது தெருவிளக்கு அணைந்திருக்கும், அதனால் மின்தேவை அதிகமாக இருக்கும் உச்ச நேரத்தின் செலவில் அதற்குப் பங்கு குறைவு என்பதுதான் அந்த வாதம். சோலார் பெருகிய கலிஃபோர்னியாவில் உச்ச நேரம் மாலை 4 முதல் 9 என்று நகர்ந்துவிட்டது. டிசம்பரில் ஐந்தரைக்கே விளக்கு எரிகிறது.

எதற்கும் முன்னால், ஒருநாள் சாயங்காலம் டார்ச்சோடு போய் விளக்குகளை எண்ணுங்கள். மீட்டர் இல்லாததால் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைதான் பில். விளக்கின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். மஞ்சளில் 10 என்றிருந்தால் 100 வாட் சோடியம். எல்.இ.டி. என்றால் வெள்ளை ஸ்டிக்கர், அதில் வாட் அப்படியே இருக்கும். எங்கள் பில்லில் 23 விளக்கு, நாங்கள் எண்ணியது 20. இரண்டைச் சாலை வேலையின்போது எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டு இரண்டு மாதம் அலைந்த பிறகு அந்த இரண்டுக்கும் பணம் வரவு வைத்தார்கள். மூன்றாவது கிடைத்துவிட்டது, முனை வீட்டு மரத்தின் கிளைகளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.